96 சதவீதம் சார்ஜ் இருந்தும் வயரைப் பிடுங்கினால் அணையும் லேப்டாப்: ஒரு நிகழ்வு ஆய்வு

ஈரோட்டில் ஓர் ஆடிட்டர் அலுவலகம். ஐந்து வருடமாக மேசையை விட்டு நகராத லேப்டாப். 15.6 அங்குலத் திரை, 19.5 வோல்ட் 3.33 ஆம்பியர் தரும் 65 வாட் அடாப்டர், உள்ளே மூன்று செல் கொண்ட தட்டையான பேட்டரி. பேட்டரி மேல் அச்சிட்டிருப்பது 11.4 வோல்ட், 42 வாட்-மணி. புகார் ஒரே வரிதான்: சார்ஜர் வயரைப் பிடுங்கினால் அணைந்துவிடுகிறது, கரண்ட் போனாலும் அப்படியே. ஐகானில் பார்த்தால் 96 சதவீதம்.

இதற்கு முன் இரண்டு வைத்தியம் நடந்திருந்தது. டிவைஸ் மேனேஜரில் பேட்டரி டிரைவரை நீக்கிவிட்டு மறுபடி நிறுவியிருந்தார்கள், பலனில்லை. அடுத்து, விண்டோஸ் தரும் பேட்டரி ரிப்போர்ட்டில் 85 சதவீத ஆரோக்கியம் இருக்கிறது, ஆகவே பேட்டரி நல்லது, மதர்போர்டுதான் போயிருக்கிறது என்று ஒரு முடிவு. அந்த முடிவின்படி போயிருந்தால் பழுதில்லாத போர்டு ஒன்று கழற்றப்பட்டிருக்கும். இந்தக் கோளாறில் அதிகம் நடக்கும் தவறும் அதுதான் என்பதால், சோதனைகளை நடந்த வரிசையிலேயே எண்களோடு எழுதுகிறோம்.

சதவீதம் என்பது பேட்டரிக்குள் எவ்வளவு மின்னூட்டம் இருக்கிறது என்பதன் கணக்கு. கேட்ட வேகத்தில் அதைக் கொடுக்க முடியுமா என்பது வேறு கேள்வி. மொட்டைமாடி டேங்க் நிரம்பித்தான் இருக்கிறது, ஆனால் பைப்பில் உப்புப் படிந்து அடைத்திருக்கிறது என்றால் குழாயில் நூலாகத்தான் தண்ணீர் வரும். பேட்டரியில் அந்த அடைப்புக்குப் பெயர் உள்மின்தடை. விண்டோஸ் ஐகானும் பேட்டரி ரிப்போர்ட்டும் அதைச் சொல்வதே இல்லை.

எப்படி அணைகிறது?

முதலில் செய்ய வேண்டியது கழற்றுவது அல்ல, அணைகிற விதத்தைக் கூர்ந்து பார்ப்பது. திரை கறுத்த பிறகு பவர் பட்டனை அழுத்தினால் திறந்து வைத்த கோப்புகள் அப்படியே வருகின்றனவா? அப்படியானால் அது அணையவில்லை, ஸ்லீப்புக்கோ ஹைபர்னேட்டுக்கோ போயிருக்கிறது. பவர் ஆப்ஷன்ஸில் பேட்டரியில் ஓடும்போது என்ன செய்ய வேண்டும் என்ற அமைப்பைத் திருத்தினால் போதும். இந்த லேப்டாப் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து பூட் ஆனது. விண்டோஸ் தன் நிகழ்வுகளைப் பதிந்துவைக்கும் ஈவென்ட் வியூவரில் கெர்னல்-பவர் 41 என்ற பதிவு இருந்தது. அதற்குள் பக்செக் கோடு, அதாவது பிழை எண், 0. விண்டோஸ் நொடிந்து விழுந்திருந்தால் அந்த இடத்தில் வேறு எண் வந்திருக்கும். 0 என்பதும், முறையாக அணைத்ததைக் குறிக்கும் 1074 பதிவு இல்லாததும் மின்சாரம் அறுந்தது என்பதையே காட்டின.

அடுத்து அலுவலகத்தில் கேட்ட ஒரு தகவல்: "சில நேரம் அரை நிமிஷம் தாங்கும் சார், பெரும்பாலும் தாங்காது." இந்த 'சில நேரம்' லேசான விஷயமில்லை. மின்பாதை முழுதாக அறுந்திருந்தால் எல்லா நேரமும் ஒரே மாதிரிதான் அணையும். சில நேரம் தாங்குகிறது என்றால் பாதை இருக்கிறது, அந்த நேரத்து இழுவையை, அதாவது லேப்டாப் எவ்வளவு மின்சாரம் கேட்கிறது என்பதைப் பொறுத்து விழுகிறது.

அதை உறுதிப்படுத்த ஒரு எளிய வழி, செல்போனில் விநாடிக்கு 240 ஃபிரேம் ஸ்லோமோஷன் வீடியோ. பிரவுசரில் பத்துப் பதினைந்து பக்கங்களைத் திறக்கவிட்டு, திரையும் சார்ஜிங் விளக்கும் ஒரே சட்டத்தில் தெரியும்படி வைத்து வயரைப் பிடுங்க வேண்டும். இங்கே விளக்கு அணைந்தது. திரையின் வெளிச்சம் ஒருபடி குறைந்தது. அதன் பிறகுதான் திரை கறுத்தது. விளக்கு அணைந்ததிலிருந்து சுமார் 340 ஃபிரேம், அதாவது 1.4 விநாடி. கண்ணுக்கு இது 'உடனே' அணைந்த மாதிரிதான் இருக்கும். ஆனால் போர்டில் உள்ள சில நூறு மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர்கள் 19 வோல்ட்டில் தேக்கி வைக்கும் ஆற்றல், 15 வாட் இழுவைக்கு நாலைந்து மில்லிவிநாடிக்குத்தான் காணும். 1.4 விநாடி ஓடியிருக்கிறது, அதற்குள் பேட்டரி மோடுக்கு மாறி வெளிச்சத்தையும் குறைத்திருக்கிறது என்றால் அந்த நேரம் முழுதும் பேட்டரிதான் ஊட்டியிருக்கிறது. போர்டின் மேல் இருந்த சந்தேகம் இங்கேயே பெரும்பகுதி தீர்ந்துவிட்டது.

பயாஸில் தாங்கியது

லேப்டாப்பை, விண்டோஸ் தொடங்கும் முன் வரும் பயாஸ் செட்டப் திரையில் நிறுத்தி, அங்கே வயரைப் பிடுங்கினால் என்ன ஆகிறது என்று பார்ப்பது யாரும் வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை. அங்கே விண்டோஸ் இல்லை, டிரைவர் இல்லை. இழுவையும் ஏறக்குறைய சீராக இருக்கும். பயாஸிலும் அந்தக் கணமே செத்தால் பேட்டரி, கனெக்டர், போர்டு மூன்றில் ஒன்றில் மின்பாதை இல்லை. இந்த லேப்டாப் பயாஸில் மூன்று நிமிடம் தாங்கியது. நாமே வயரைத் திரும்பச் செருகினோம். சுவரில் வாட் மீட்டர் வைத்துப் பார்த்ததில் பயாஸில் 14 வாட். அடாப்டரின் இழப்பைக் கழித்தால் லேப்டாப்புக்குள் போவது 12 வாட்டுக்குச் சற்று மேல். விண்டோஸில் பிரவுசர் பக்கங்கள் திறக்கும்போது அதே மீட்டர் 40 வரை ஏறியது. உள்ளே சுமார் 35 வாட்.

12 வாட்டில் நிற்கிறது, 35 வாட்டில் விழுகிறது. இரண்டுக்கும் நடுவில் எங்கோ எல்லை இருக்கிறது.

பயாஸில் இருக்கும்போதே அடாப்டரின் வாட் சரியாகத் தெரிகிறதா என்றும் பார்த்துவிட வேண்டும். பல டெல், எச்பி லேப்டாப்களில் அடாப்டர் பின்னின் நடுவில் ஓர் ஊசி உண்டு. அடாப்டர் எத்தனை வாட் என்ற தகவல் அதன் வழியாகத்தான் போகிறது. அந்த ஊசி வளைந்தாலோ வயரில் அந்த இழை அறுந்தாலோ லேப்டாப் ஓடும், ஆனால் பேட்டரிக்குச் சார்ஜ் ஏறாது. நாளடைவில் பேட்டரி காலியாகி, வயரைப் பிடுங்கியதும் அணையும். அங்கே பேட்டரி குற்றவாளி அல்ல, அடாப்டர். இந்த லேப்டாப்பில் 65 வாட் என்று சரியாகவே காட்டியது.

ரிப்போர்ட் ஏன் ஏமாற்றியது

கமாண்ட் பிராம்ப்ட்டில் 'பவர்சிஎஃப்ஜி' கட்டளை, ஓர் இடைவெளி, சாய்கோடு, அதை ஒட்டி 'பேட்டரிரிப்போர்ட்' என்று ஆங்கிலத்தில் (powercfg /batteryreport) அடித்தால் ஒரு கோப்பு உருவாகும். அதை பிரவுசரில் திறந்தால் வடிவமைத்த கொள்ளளவு 42,000 மில்லிவாட்-மணி, முழுச் சார்ஜ் கொள்ளளவு 35,810, சுழற்சி எண்ணிக்கை 61. வகுத்தால் 85 சதவீதம். இதைப் பார்த்துத்தான் பேட்டரி நல்லது என்று சொல்லப்பட்டது.

கீழே கொள்ளளவு வரலாறு என்ற பகுதியையும் பார்த்திருக்க வேண்டும். பல மாதங்களாக 35,810 என்ற அதே எண் ஒரு இலக்கம் கூட மாறாமல் நின்றிருந்தது. உயிரோடு இருக்கும் பேட்டரியின் கொள்ளளவு கொஞ்சமாவது ஏறி இறங்கும். பேட்டரிக்குள் இருக்கும் அளவீட்டுச் சிப், பேட்டரி கணிசமாக டிஸ்சார்ஜ் ஆகி ஓய்வுக்கு வரும்போதுதான் தன் கணக்கைத் திருத்திக்கொள்கிறது. எப்போதும் வயரிலேயே கிடந்த லேப்டாப்பில் அந்த வாய்ப்பு வரவே இல்லை. ஆகவே 85 என்பது இன்றைய நிலை அல்ல, சிப் கடைசியாகக் கற்றுக்கொண்ட பழைய பாடம். ஐந்து வருடத்தில் 61 சுழற்சி என்பதும் நல்ல அடையாளமாகத் தெரிந்தாலும், அது பேட்டரி எவ்வளவு உழைத்தது என்றுதான் சொல்லும், எவ்வளவு முதிர்ந்தது என்று சொல்லாது.

செல்களை அளந்தபோது

பின்மூடியைத் திறந்து, பேட்டரிக்கே உரிய சர்க்யூட் போர்டின் மேல் ஒட்டியிருந்த டேப்பை உரித்து, மூன்று செல்களின் வோல்ட்டையும் தனித்தனியாக அளந்தோம். இது சர்வீஸ் மேசையில் செய்ய வேண்டிய வேலை. நுனி மட்டும் திறந்த மல்டிமீட்டர் முனைகள் இல்லாமல் இதில் இறங்கக் கூடாது. லித்தியம் செல்லின் இரண்டு தகடுகளை ஒரு முனை சேர்த்துத் தொட்டுவிட்டால் நொடியில் பல பத்து ஆம்பியர் பாயும், தீப்பொறி கிளம்பும்.

இழுவை இல்லாதபோது செல்கள் 4.29, 4.30, 4.26 வோல்ட். மொத்தம் 12.85. இந்த வகைச் செல்லின் முழுச் சார்ஜ் 4.35 என்பதால் 96 சதவீதம் என்று ஐகான் சொன்னதில் பொய்யில்லை. மூன்றாவது செல் 0.04 வோல்ட் குறைவு, அவ்வளவுதான். இதோடு நிறுத்தியிருந்தால் பேட்டரிக்கு இரண்டாம் முறையும் நற்சான்று கிடைத்திருக்கும்.

பயாஸ் திரையில் வயரைப் பிடுங்கி அதே இடங்களை மறுபடி தொட்டபோது எண்கள் பிரிந்தன. முதல் செல் 4.15. இரண்டாவது 4.16. மூன்றாவது 3.58. மொத்தம் 11.89 வோல்ட், இழுவை 12.4 வாட் என்பதால் ஓடும் மின்னோட்டம் 1.04 ஆம்பியர். மூன்று செல்களும் தொடரில் இருப்பதால் மூன்றின் வழியாகவும் அதே 1.04 ஆம்பியர்தான் ஓடுகிறது. முதல் இரண்டும் 0.14 வோல்ட் இழந்த இடத்தில் மூன்றாவது 0.68 இழந்திருக்கிறது. வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் உள்மின்தடை: முதல் இரண்டுக்கும் சுமார் 135 மில்லிஓம், மூன்றாவதுக்கு 650-ஐத் தாண்டுகிறது. ஏறக்குறைய ஐந்து மடங்கு.

இந்த எண்களை வைத்தே 35 வாட்டில் என்ன நடக்கும் என்று கணக்குப் போடலாம். லேப்டாப் கேட்பது நிலையான வாட். வோல்ட் சரிந்தால் அதே வாட்டுக்கு ஆம்பியரை ஏற்றிக் கேட்கும். ஆம்பியர் ஏறினால் வோல்ட் இன்னும் சரியும். 35 வாட்டுக்கு இந்தச் சுழல் சுமார் 3.7 ஆம்பியரில் நிற்கிறது. அப்போது முதல் இரண்டு செல்களும் 3.8 வோல்ட்டில் நலமாக இருக்கும். மூன்றாவது 1.8-க்கு விழும். ஒரு செல் இவ்வளவு கீழே போவது ஆபத்து என்பதால், ஏதாவது ஒரு செல் 2.5 முதல் 3 வோல்ட்டுக்குள் வைத்திருக்கும் எல்லைக்குக் கீழே சிறிது நேரம் நின்றாலே பேட்டரியின் காவல் சிப் மொத்த இணைப்பையும் அறுத்துவிடும். வீடியோவில் தெரிந்த 1.4 விநாடி அந்தக் காத்திருப்பு நேரம்தான். பேட்டரி செய்தது சரியான காரியம். எல்லையை 2.5 வோல்ட் என்று வைத்துக்கொண்டால் இந்தப் பேட்டரி தாங்கக்கூடியது அதிகபட்சம் 28 வாட்.

கணக்கு சரியா என்று பார்க்க ஒரு எதிர்ச்சோதனை. பவர் ஆப்ஷன்ஸில் பேட்டரிக்கான அதிகபட்ச ப்ராசசர் நிலையை 50 சதவீதமாக்கி, திரை வெளிச்சத்தைக் குறைத்து, பிரவுசரை மூடிவிட்டு வயரைப் பிடுங்கினோம். எல்லோரும் 'உடனே அணையும்' என்ற அதே லேப்டாப், விண்டோஸிலேயே 14 நிமிடம் ஓடியது. பிறகு 89 சதவீதம் என்று காட்டிக்கொண்டிருக்கும்போதே அணைந்தது. மூன்றாவது செல்லில் மின்தடை ஏறியதோடு கொள்ளளவும் வற்றிவிட்டது என்பதற்கு அந்த 89 சாட்சி. (அவசரமாக ஒரு கோப்பைக் காப்பாற்ற வேண்டியவருக்கும் இந்த அமைப்பு உதவும். 99 என்று வைத்தாலே டர்போ எனும் ப்ராசசரின் கூடுதல் வேகம் நின்று உச்ச இழுவை கணிசமாகக் குறையும்.)

மூடியைத் திறக்காமல் இதே அளவை எடுக்க எச்டபிள்யூ-இன்ஃபோ போன்ற இலவச மென்பொருள் போதும். அது பேட்டரியின் மொத்த வோல்ட்டையும் வெளியேறும் வாட்டையும் காட்டும். வேலை எதுவும் ஓடாதபோது வயர் செருகிய நிலையில் வோல்ட், பிடுங்கிய பிறகு வோல்ட், வாட் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். பிடுங்கிய பிறகு உள்ள வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர். மூன்று செல் பேட்டரி 1 ஆம்பியர் அளவுக்கு அரை வோல்ட்டுக்குள் இறங்கினால் கவலையில்லை. இந்த லேப்டாப்பில் இறங்கியது 0.96.

போர்டைச் சந்தேகிக்க வேண்டிய நேரம்

பேட்டரி கனெக்டரில் 12 வோல்ட்டுக்கு மேல் உறுதியாக நிற்கிறது, வயரைப் பிடுங்கிய பிறகும் அது சரியவில்லை, ஆனால் லேப்டாப் செத்துவிட்டது: அப்போதுதான் பழுது போர்டில். பேட்டரிக்கும் போர்டின் முக்கிய மின்தடத்துக்கும் நடுவே, சார்ஜர் சிப் இயக்கும் ஒரு மாஸ்ஃபெட் சுவிட்ச் போல இருக்கும். அடாப்டர் போனதும் அதைத் திறந்துவிட வேண்டும். அந்த மாஸ்ஃபெட் எரிந்து பாதை விட்டுப்போனாலோ, அதை இயக்க வரும் சிக்னல் நின்றாலோ, தொடரில் உள்ள, மின்னோட்டத்தை அளக்க உதவும் சின்ன சென்ஸ் ரெசிஸ்டர் விட்டுப்போனாலோ பேட்டரி எவ்வளவு புதிதானாலும் பயனில்லை. இன்னொரு வகை, ஐகானில் பேட்டரியே இல்லை என்று வருவது. அங்கே சந்தேகம், பேட்டரியின் தகவல் போகும் கனெக்டரின் டேட்டா, க்ளாக் பின்கள் மேல். பச்சைக் களிம்பு, வளைந்த பின், சரியாக அமராத கனெக்டர் ஆகியவற்றைக் கண்ணாலேயே பிடித்துவிடலாம்.

இந்த நிலையில் உள்ள லேப்டாப்பில் 'எதற்கும் பார்ப்போம்' என்று பயாஸ் அப்டேட் செய்யாதீர்கள். நடுவில் கரண்ட் போனால் தாங்க பேட்டரி இல்லை. போர்டு உண்மையாகவே போய்விடும். கேலிப்ரேஷன் என்ற பெயரில் முழுதாக இறக்கி ஏற்றுவதும் இங்கே மருந்தாகாது. அது சிப்பின் கணக்கைத் திருத்தும், செல்லைத் திருத்தாது.

மாற்றியது

கெட்டது ஒரு செல்தானே, அதை மட்டும் மாற்றலாமே என்று கேட்பார்கள். கூடாது. ஐந்து வருடம் முதிர்ந்த இரண்டு செல்லோடு புதிதாக ஒன்றைத் தொடரில் சேர்த்தால் மூன்றும் ஒரே வேகத்தில் ஏறி இறங்காது. செல்லைப் பிரித்த மாத்திரத்தில் சில காவல் சிப்கள் நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளவும் செய்யும். முழு பேக்கையும் மாற்றுவதே முறை.

வாங்கும்போது பழைய பேட்டரியின் பார்ட் நம்பரை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட வேண்டும். லேப்டாப் மாடல் பெயர் போதாது. ஒரே மாடலில் 11.4 வோல்ட் மூன்று செல், 15.2 வோல்ட் நான்கு செல் என இரண்டு வகை வருவதுண்டு. தயாரிப்புத் தேதியைப் பார்ப்பதும் அவசியம். அலமாரியில் மூன்று வருடம் கிடந்த 'புது' பேட்டரியும் முதிர்ந்த பேட்டரிதான்.

மாற்றும் வேலை அரை மணி நேரம். ஷிஃப்டை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் கொடுத்தால் முழுதாக அணையும். வயரைப் பிடுங்கி, பின்மூடியின் ஸ்க்ரூக்களைக் கழற்றி, இருந்த இடத்தின் வரிசையிலேயே ஒரு தாளில் வைத்துக்கொள்ள வேண்டும். நீளமான ஸ்க்ரூவைக் குட்டையின் இடத்தில் முடுக்கினால் அது மேலே கீபோர்டுப் பக்கம் துருத்தும். மூடியைப் பிளாஸ்டிக் தகட்டால் நெம்பலாம், ஸ்க்ரூடிரைவரால் வேண்டாம். திறந்ததும் முதல் வேலை பேட்டரி கனெக்டரைப் பிரிப்பது. வயரைப் பிடித்து இழுக்காமல் கனெக்டரின் உடலைப் பிடித்து நகர்த்த வேண்டும். பேட்டரி உப்பியிருந்தால், டச்பேட் தூக்கிக்கொண்டிருப்பது அதன் முதல் அறிகுறி, எங்கும் நெம்பவோ அழுத்தவோ கூடாது. இங்கே உப்பல் இல்லை.

புதுப் பேட்டரியை மாட்டிப் பவர் பட்டனை அழுத்தியபோது அசைவே இல்லை. இதைப் பார்த்துப் பயந்து திருப்பி அனுப்புகிறவர்கள் நிறைய. பல பேட்டரிகள் தூக்க நிலையில்தான் தொழிற்சாலையை விட்டு வருகின்றன. அடாப்டரை ஒருமுறை செருகினால்தான் விழிக்கும். சார்ஜும் 30 சதவீதத்தை ஒட்டியே இருக்கும். அடாப்டரைச் செருகியதும் 28 சதவீதம் என்று விழித்தது.

முழுச் சார்ஜுக்குப் பின் பழைய சோதனைகளையே திரும்பச் செய்தோம். பிரவுசர் பக்கங்கள் திறந்துகொண்டிருக்க, 35 வாட் இழுவையில் பத்து முறை வயரைப் பிடுங்கிச் செருகினோம். ஒருமுறை கூட அணையவில்லை. வோல்ட் 13.00-லிருந்து 12.55-க்கு மட்டும் இறங்கியது. பழைய பேட்டரி இதே இழுவையில் 9.4-க்கு விழுந்திருக்கும்.

ஐந்து வருடத்தில் இப்படி ஆனதற்குக் காரணம் உழைப்பு அல்ல, இருப்பு. லித்தியம் செல் முழுச் சார்ஜில், சூட்டில் கிடக்கும்போதுதான் வேகமாக முதிர்கிறது. ஈரோட்டுச் சித்திரை வெயிலில், மின்விசிறி மட்டும் ஓடும் அறையில், ப்ராசசர் சூடும் சேர்ந்து, எப்போதும் 100 சதவீதத்தை ஒட்டியே இருந்த பேட்டரி இது. லெனோவோவில் கன்சர்வேஷன் மோடு, ஆசுஸில் பேட்டரி ஹெல்த் சார்ஜிங், டெல், எச்பியில் பயாஸுக்குள் அதற்கான அமைப்பு என ஏறக்குறைய எல்லாத் தயாரிப்பிலும் சார்ஜைக் குறைவாக நிறுத்தும் வசதி இருக்கிறது. மேசையிலேயே இருக்கும் லேப்டாப்புக்கு இதைப் போடாமல் விடுவது பேட்டரிக்குச் செய்யும் அநியாயம். புதுப் பேட்டரிக்கு எல்லை 80-இல் வைக்கப்பட்டது. 80-இல் சார்ஜ் நின்றால் அது பழுதல்ல என்று அலுவலகத்தில் சொல்லியும் வைத்தோம்; இல்லாவிட்டால் அடுத்த புகார் அதுவாகத்தான் இருக்கும்.

மாதம் ஒருமுறை வயரைப் பிடுங்கி 40 சதவீதம் வரை ஓடவிட்டு மறுபடி செருகச் சொல்லியிருக்கிறது. சிப் தன் கணக்கைத் திருத்திக்கொள்ள அது வாய்ப்பு. பேட்டரி தளர்ந்தால் முன்கூட்டியே தெரியும்.

பழைய பேட்டரியின் கனெக்டரில் இன்சுலேஷன் டேப் சுற்றி, குப்பையில் போடாமல் மின்கழிவு எடுப்பவரிடம் கொடுக்கத் தனியாக வைத்தாயிற்று. இந்தியாவில் 2022-இன் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி பழைய பேட்டரிகளைத் திரும்பப் பெறும் பொறுப்பு தயாரிப்பாளருடையது. குப்பை லாரியில் நசுங்கினால் பேட்டரி தீப்பிடிக்கலாம்.

அதே அலுவலகத்தில் அதே ஆண்டு வாங்கிய லேப்டாப் இன்னும் ஆறு இருந்தன. ஆறிலும் எச்டபிள்யூ-இன்ஃபோ வைத்து வோல்ட் இறக்கம் பார்த்தோம். நான்கு, 1 ஆம்பியருக்கு அரை வோல்ட்டுக்குள். இரண்டில் 0.7-ஐத் தொட்டது. அந்த இரண்டும் இன்று வயரில்லாமல் ஓடுகின்றன, ஐகானில் 90-க்கு மேல் காட்டுகின்றன. அவற்றுக்குப் பேட்டரி ஆர்டர் கொடுக்கச் சொல்லி, வரும்வரை ப்ராசசர் நிலை 99-இல் வைக்கப்பட்டிருக்கிறது.